பச்சைப் பொத்தானா, சிவப்புப் பொத்தானா?

1967-ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அதில் செக்கோஸ்லோவாக்கியா அமைத்திருந்த அரங்குக்குள் ஒரு சிறிய திரையரங்கு இருந்தது. மொத்தம் 127 இருக்கைகள். ஒவ்வொரு இருக்கையிலும் பச்சை, சிவப்பு என இரண்டு பொத்தான்கள். ‘கினோஆட்டோமாட்’ என்று அதற்குப் பெயர். உலகின் முதல் ஊடாட்டத் திரைப்படம் என்று பலரும் குறிப்பிடுவது அங்கே ஓடிய படத்தைத்தான். இயக்கியவர் ராடூஸ் சின்செரா.

படம் தொடங்கும்போதே ஓர் அடுக்குமாடிக் கட்டடம் பற்றி எரிகிறது. எல்லாம் தன்னால் வந்த வினையோ என்று கலங்கி நிற்கிறார் நோவாக் என்ற குடும்பஸ்தர். பிறகு கதை பின்னோக்கிப் போகிறது. நோவாக்கின் வீட்டு வாசலில் இளம்பெண் ஒருத்தி நிற்கிறாள். உடம்பில் ஒரு துண்டு மட்டும்தான். வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டவள், உள்ளே விடும்படி கேட்கிறாள். நோவாக்கின் மனைவி திரும்பி வரும் நேரமோ நெருங்கிவிட்டது. சரியாக அந்த இடத்தில் படம் நின்றுவிடும். நோவாக்காக நடித்த மிரோஸ்லாவ் ஹோர்னீச்செக் மேடைக்கு நேரில் வந்து, கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று பார்வையாளர்களையே கேட்பார். எல்லோரும் பொத்தானை அழுத்துவார்கள். பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கதை நகரும். இப்படி ஒன்பது இடங்களில் படம் நின்று நின்று ஓடியது.

ஒன்பது இடங்களிலும் கதை உண்மையாகவே இரண்டிரண்டாகக் கிளைத்திருந்தால், 512 முடிவுகளைப் படம் பிடித்திருக்க வேண்டும். எந்தத் தயாரிப்பாளருக்கும் அது கட்டுப்படியாகாது. சின்செரா வேறு வழி கண்டார். எந்தப் பொத்தான் வென்றாலும், அடுத்த திருப்பத்துக்குள் இரண்டு பாதைகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். இரண்டு புரொஜெக்டர்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆபரேட்டர் ஒன்றின் லென்ஸை மூடி மற்றொன்றைத் திறப்பார், அவ்வளவுதான் வித்தை. கூட்டம் எப்படி வாக்களித்தாலும் கடைசியில் கட்டடம் எரியத்தான் செய்யும். வாக்களித்து என்னத்தைக் கண்டோம் என்ற அரசியல் கிண்டலும் அதற்குள் இருந்தது.

அறிவியலுக்கு இதில் வேறொரு கேள்வி இருக்கிறது. 127 பேரும் பார்த்தது ஒரே படம், அழுத்தியது ஒரே மாதிரிப் பொத்தான். அப்படியிருக்க, ஒரே அரங்கிலிருந்து வெளியே வரும் ஒருவருக்கு அது குதூகலமாகவும், இன்னொருவருக்குத் தன் வாக்கு தோற்ற எரிச்சலாகவும், மூன்றாமவருக்கு ‘பேசாமல் கதையைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா’ என்ற அலுப்பாகவும் ஏன் அமைகிறது? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

ஐந்து அளவுகோல்கள்

மனிதருக்கு மனிதர் குணம் வேறுபடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை அளப்பதுதான் பெரும்பாடு. 1936-இல் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டி, ஒரு மனிதரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் சொற்களையெல்லாம் பொறுக்கி எடுத்தார்கள். சுமார் 18,000 சொற்கள் தேறின. அடுத்த அரை நூற்றாண்டில் பலர் அந்தக் குவியலைப் புள்ளியியல் கொண்டு சலித்தார்கள். ஒன்றோடொன்று சேர்ந்தே வரும் குணங்களை ஒரே தொகுப்பாக்கியபோது, திரும்பத் திரும்ப ஐந்து தொகுப்புகள் எஞ்சின. ‘பிக் ஃபைவ்’ என்று இன்று உளவியலில் வழங்குவது இதுதான்.

முதலாவது புதுமை நாட்டம்: புதிய எண்ணங்கள், கலை, கற்பனை ஆகியவற்றின் மீதான ஈர்ப்பு. இரண்டாவது கட்டொழுங்கு: திட்டமிடுதல், எடுத்த வேலையை முடித்தல். மூன்றாவது கலகலப்பு: மனிதர்களோடு இருக்கும்போது ஊறும் உற்சாகம். நான்காவது இணக்கம்: பிறர் மனம் நோகாமல் நடத்தல், விட்டுக்கொடுத்தல். ஐந்தாவது பதற்றம்: கவலையும் கலக்கமும் எளிதில் தொற்றிக்கொள்ளும் இயல்பு.

இவை ராசிபலனில் வருவது போன்ற வகைகள் அல்ல. உயரத்தைப் போல, ஒவ்வொருவருக்கும் ஐந்திலும் ஏதோ ஓர் அளவு உண்டு. பெரும்பாலோர் நடுவில் இருப்பார்கள், சிலர் மட்டுமே ஓரங்களில். ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபணுக்களிலிருந்து வருகிறது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன.

மூழ்குகிறவரும் கரையில் நிற்கிறவரும்

கதை கேட்பவர் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை அளக்க முயன்ற முக்கியமான ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மெலனி கிரீன், டிமோத்தி பிராக் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு மனத்தை உலுக்கும் ஒரு கதையைக் கொடுத்தார்கள். அக்காவோடு வணிக வளாகத்துக்குப் போன சிறுமியை மனநோயாளி ஒருவர் குத்திக் கொன்றுவிடுகிறார். படித்து முடித்ததும், கதையில் எந்த இடம் பொய்யாக ஒலிக்கிறதோ அதை வட்டமிடச் சொன்னார்கள். கதைக்குள் ஆழமாக மூழ்கியவர்கள் குறைவாகவே வட்டமிட்டார்கள். கதைக்குப் பொருந்தும் நம்பிக்கைகளும் அவர்களிடமே கூடுதலாகக் காணப்பட்டன. இது உண்மைச் செய்தி என்று சொன்னாலும் புனைவு என்று சொன்னாலும் அதில் பெரிய மாற்றமில்லை.

இந்த மூழ்கும் திறன் எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. ஆக் டெல்லஜனும் கில்பர்ட் அட்கின்சனும் 1974-இலேயே இதற்கு ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். சூரிய அஸ்தமனத்தையோ ஒரு பாட்டையோ தன்னை மறந்து ரசிக்கும் இயல்பை அது அளக்கிறது. அதில் அதிக மதிப்பெண் பெறுகிறவர்களுக்குப் புதுமை நாட்டமும் பொதுவாக அதிகம். மார்க் டேவிஸ் 1980-களில் உருவாக்கிய பரிவு அளவுகோல் இன்னும் நுணுக்கமானது. பரிவை அவர் ஒரே குணமாகக் கொள்ளாமல் நான்காகப் பிரித்தார். கற்பனைப் பாத்திரங்களின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது ஒன்று. எதிரில் இருப்பவரின் கோணத்தில் யோசிப்பது இன்னொன்று. பிறர் துன்பத்துக்கு இரங்குவது மூன்றாவது. அந்தத் துன்பத்தைக் கண்டு தானே நிலைகுலைந்துபோவது நான்காவது. சீரியல் பார்த்து அழுகிறவர் அடுத்த வீட்டுக்காரருக்கு உதவ ஓடுவார் என்று சொல்ல முடியாது, இரண்டும் தனித்தனி.

ஊடாட்டக் கதையின் அடிப்படைச் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. மூழ்குவதற்குத் தன்னை மறக்க வேண்டும். முடிவெடுப்பதற்கோ தன்னை நினைக்க வேண்டும். கதை கேட்கிறவரை முழுதாக உள்ளே இழுத்துவிட்டு, அதே நொடியில் ‘இப்போது நீ சொல்’ என்று தோளைத் தட்டுவது எல்லோருக்கும் இனிக்காது.

ஜெர்மனியில் பீட்டர் ஃபோர்டரர், சில்வியா நொப்லாக், ஹோல்கர் ஷ்ராம் மூவரும் இதைச் சோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். ஒரே தொலைக்காட்சிப் படத்தைச் சிலர் சும்மா உட்கார்ந்து பார்த்தார்கள். சிலருக்குக் கதையின் போக்கைத் தீர்மானிக்கும் வாய்ப்பு தரப்பட்டது. எந்த வடிவம் அதிகம் பிடித்தது என்பதற்கு ஒற்றை விடை கிடைக்கவில்லை. யோசித்து முடிவெடுப்பதற்கான அறிவுத்திறன் மிகுந்தவர்களுக்கு ஊடாட்ட வடிவம் சுவைத்தது. மற்றவர்களுக்குச் சும்மா பார்த்ததே கூடுதல் பொழுதுபோக்காக இருந்தது. பார்வையாளருக்கு அதிகாரம் கொடுத்தால் அவர் மகிழ்வார் என்று தொலைக்காட்சித் துறை நம்பியிருந்த காலத்தில், அந்த நம்பிக்கைக்கு இந்த ஆய்வு ஒரு வரம்பு கட்டியது.

திறன் ஒரு பக்கம் என்றால் விருப்பம் இன்னொரு பக்கம். ஜான் கசியோப்போவும் ரிச்சர்ட் பெட்டியும் 1982-இல் ‘சிந்தனை வேட்கை’ என்ற குணத்தை அளந்து காட்டினார்கள். மூளையைக் கசக்குவதையே இன்பமாகக் கொள்ளும் இயல்பு அது. நாள் முழுக்க அலுவலகத்தில் முடிவெடுத்துக் களைத்துப்போய், இரவில் கதை பார்க்க உட்காருகிறவருக்குத் திறன் இருக்கலாம், வேட்கை இருக்காது.

எல்லோரும் நல்லவரே

இனி, என்ன தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். குணத்துக்கேற்ற தேர்வு என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இணக்கமானவர் இரக்கம் காட்டுவார், முரட்டு ஆசாமி சுடுவார். நடப்பது அப்படி இல்லை.

‘மாஸ் எஃபெக்ட்’ என்ற விண்வெளிக் கதை விளையாட்டில் கதாநாயகரான தளபதி ஷெப்பர்டை நேர்மையாளராகவும் நடத்தலாம், அடாவடிக்காரராகவும் நடத்தலாம். இரண்டு பாதைகளுக்கும் வசனம் எழுதி, குரல் பதிந்து, காட்சி அமைத்தார்கள். அந்த விளையாட்டில் பணியாற்றிய ஜான் எபெங்கர் 2020-இல் ஒரு தகவலைச் சொன்னார்: விளையாடியவர்களில் ஏறத்தாழ 92 சதவீதம் பேர் நேர்மைப் பாதையில்தான் போனார்கள். அடாவடிப் பாதைக்காகக் கொட்டிய உழைப்பைப் பெரும்பாலோர் எட்டிப் பார்க்கவே இல்லை.

ஆண்ட்ரூ வீவரும் நிக்கி லூயிஸும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு விதமாகக் காட்டியது. அணுப்போருக்குப் பிந்தைய உலகில் நடக்கும் ‘ஃபால்அவுட் 3’ விளையாட்டை 75 பேரிடம் கொடுத்தார்கள். எதிரில் இருப்பவை கணினிப் பொம்மைகள் என்று தெரிந்தும், நிஜ மனிதர்களோடு பழகுவதுபோலவே பெரும்பாலோர் நடந்துகொண்டார்கள். தீங்கு செய்தவர்களுக்குக் குற்ற உணர்வு கூடியது. ஆனால் அதனால் ரசனை குறையவில்லை.

ஸ்வென் யோக்கல் குழுவினர் அதே ஆண்டில் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். ஒருவர் நிஜ வாழ்வில் பெரிதாக மதிக்கும் அறத்தை, உதாரணமாக நியாயம் அல்லது பெரியோருக்குப் பணிதல் என்பதை, மீறும்படி விளையாட்டு கேட்டால் அவர் மறுத்துவிடுகிறார். அவருக்குப் பொருட்டில்லாத அறம் என்றால், மீறுவதும் மீறாததும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. நாணயம் சுண்டிப் போட்டதுபோல ஆகிவிடுகிறது.

ஆக, ஒருவர் நல்ல பாதையில் போனார் என்பது மட்டும் அவரைப் பற்றி அதிகம் சொல்லாது. பத்தில் ஒன்பது பேர் அதைத்தான் செய்வார்கள். கதையில் நல்லவனாக இருக்கக் காசும் செலவில்லை, துணிச்சலும் தேவையில்லை.

எதை என்பதைவிட எப்படி

குணம் வெளிப்படும் இடம் வேறு. எவ்வளவு நேரம் யோசிக்கிறார், முடித்தபின் திரும்பிப் போய் மற்ற பாதையையும் பார்க்கிறாரா, கதைக்கு அவசியமில்லாத மூலைகளை நோண்டுகிறாரா, தான் எடுத்த முடிவோடு நிம்மதியாக இருக்கிறாரா என்பவற்றில்தான் மனிதருக்கு மனிதர் வேறுபாடு துலங்குகிறது.

கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். பேரி ஷ்வார்ட்ஸும் சக ஆய்வாளர்களும் 2002-இல் மனிதர்களை இரண்டு போக்குகளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு போக்கு, போதுமானது கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடும். மற்றது, ஆகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே இருக்கும். இரண்டாம் வகையினருக்கு வருத்தம் அதிகம், திருப்தி குறைவு. அவரே பங்கெடுத்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில், வேலை தேடிய கல்லூரி மாணவர்களில் ஆகச் சிறந்ததைத் தேடியவர்கள் 20 சதவீதம் அதிகச் சம்பளத்தில் சேர்ந்தார்கள். ஆனால் அந்த வேலையில் அவர்களுக்கிருந்த மனநிறைவு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஊடாட்டக் கதைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சாதாரண நாவலில் ஒரே முடிவுதான். பிடிக்காவிட்டால் எழுத்தாளரைத் திட்டலாம். இங்கே தவறவிட்ட முடிவு ஒரு பொத்தானுக்கு அப்பால் காத்திருக்கிறது, திட்டுவதற்கும் தன்னைத் தவிர யாருமில்லை. ‘போதும்’ என்று சொல்லத் தெரிந்தவருக்கு இது விருந்து. மற்றவருக்கு முடியாத கணக்கு.

நிக் யீ குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு விரிவானது. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆடும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் குணத்தை வினாத்தாள் மூலம் அளந்து, அவர்கள் விளையாட்டில் செய்தவற்றை நிறுவனமே வெளியிடும் பதிவுகளிலிருந்து திரட்டி, இரண்டையும் ஒப்பிட்டார்கள். கலகலப்பானவர்கள் கூட்டாகச் செய்யும் படையெடுப்புகளை நாடினார்கள். இணக்கமானவர்கள் பிற பாத்திரங்களைக் கட்டியணைப்பது, கையசைப்பது போன்ற சைகைகளை அடிக்கடி பயன்படுத்தினார்கள்; இணக்கம் குறைந்தவர்கள் சக ஆட்டக்காரர்களை வீழ்த்துவதில் முனைந்தார்கள். கட்டொழுங்கு மிகுந்தவர்கள் எந்தப் போருக்கும் உதவாத செல்லப் பிராணிகளைப் பொறுமையாகச் சேகரித்தார்கள். மீன் பிடித்தார்கள், சமையல் பழகினார்கள். புதுமை நாட்டம் உள்ளவர்கள் பல பாத்திரங்களை உருவாக்கி ஊர் சுற்றினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்னத் தொடர்புகள். மாதக்கணக்கில் சேர்ந்த பதிவு என்பதால்தான் அவை கண்ணில் பட்டன.

நெதர்லாந்தில் கீல் வான் லாங்க்வெல்ட் குழு, ஒரு கற்பனை உலக விளையாட்டில் 44 பேர் எங்கே நடந்தார்கள், எந்த உரையாடலைத் தேர்ந்தார்கள் என்று இருநூறுக்கும் மேற்பட்ட விவரங்களைப் பதிவு செய்தது. ஐந்து குணங்களுக்குமே ஏதாவது ஒரு நடத்தையோடு தொடர்பு கிடைத்தது. இத்தகைய முடிவுகளைப் படிக்கும்போது சற்று எச்சரிக்கை தேவை. இருநூறு விவரங்களை ஐந்து குணங்களோடு ஒப்பிட்டால் ஆயிரம் ஒப்பீடுகள். வழக்கமான 5 சதவீத வரம்பை வைத்தால், வெறும் தற்செயலாகவே ஐம்பது தொடர்புகள் முளைக்கும். வேறொரு கூட்டத்தில் சோதித்து மீண்டும் கிடைத்தால்தான் நம்பலாம்.

பத்து நொடியின் தடயம்

2018 டிசம்பர் 28 அன்று நெட்ஃபிளிக்ஸ் ‘பிளாக் மிரர்: பேண்டர்ஸ்நாட்ச்’ படத்தை வெளியிட்டது. 1984-இல் ஒரு கிளைக்கதை நாவலைக் கணினி விளையாட்டாக மாற்ற முயலும் ஸ்டீஃபன் என்ற இளைஞனின் கதை. முதல் கேள்வி அற்பமானது: காலை உணவுக்கு எந்த சீரியல் பாக்கெட்? யோசிக்கப் பத்து நொடி. பேசாமல் இருந்தால் படமே ஒன்றைத் தேர்ந்துகொண்டு ஓடும். சற்று நேரத்தில் ஒரு நிறுவனம் ஸ்டீஃபனுக்கு வேலை தருகிறது. சரி என்றால், விளையாட்டு அரைகுறையாக வெளிவந்து விமர்சகரிடம் பூஜ்யம் வாங்குகிறது. கதை உங்களைத் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறது. சின்செராவின் லென்ஸ் மூடி இங்கே மென்பொருளாக மாறியிருக்கிறது.

பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மாண்ட்ரியலில் அழுத்திய பொத்தான் அந்த அரங்கோடு போயிற்று. நெட்ஃபிளிக்ஸில் அழுத்தியது பதிவானது. மைக்கேல் வீல் என்ற பிரிட்டன் ஆய்வாளர் ஐரோப்பியத் தரவுச் சட்டத்தின்படி தன் விவரங்களைக் கேட்டு வாங்கி, தான் எடுத்த ஒவ்வொரு முடிவும் சேமிக்கப்பட்டிருப்பதை 2019-இல் காட்டினார்.

அதே ஆண்டில் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் இன்னொரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். தேர்வு வரும்போது பார்வையாளரின் கருவி நெட்ஃபிளிக்ஸுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்புகிறது. படம் தானாக எடுத்துக்கொள்ளும் பாதைக்கு மாறான ஒன்றைத் தேர்ந்தால் இன்னொரு வகைக் கோப்பும் போகிறது. உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், அதன் அளவை மறைக்க முடியவில்லை. இணையப் போக்குவரத்தை நடுவிலிருந்து கவனிக்கிறவர், கடவுச்சொல் எதுவும் இல்லாமலே, பார்வையாளரின் தேர்வுகளில் 96 சதவீதத்தை ஊகித்துவிடலாம் என்று அவர்கள் நிறுவினார்கள்.

இந்தத் தேர்வுகளிலிருந்து உங்கள் குணத்தைப் படித்துவிட முடியுமா? உளவியலாளர் வால்டர் மிஷல் 1968-இலேயே தன் துறையின் தலையில் குட்டினார்: குண மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலின் நடத்தைக்கும் உள்ள தொடர்பு 0.3-ஐத் தாண்டுவது அரிது. இதைச் சாதாரணக் கணக்கில் சொன்னால், ஒருவர் சராசரிக்கு மேலா கீழா என்பதை நாணயம் சுண்டி ஊகித்தால் 100-க்கு 50 சரியாகும், 0.3 தொடர்பை வைத்து ஊகித்தால் சுமார் 60 சரியாகும். காலை உணவுப் பாக்கெட்டை வைத்து உங்கள் ஜாதகத்தைக் கணிக்க முடியாது.

ஆனால் 1979-இல் சீமோர் எப்ஸ்டீன் இதன் மறுபாதியைச் சொன்னார். ஒரே செயல் ஊசலாடும். பல நாள், பல செயல்களின் சராசரி நிலையானது. ஒரு பந்தை வைத்து பேட்ஸ்மேனை எடைபோட முடியாது, ஒரு சீசனை வைத்து முடியும். ஒரு படத்தில் எடுத்த பத்து இருபது முடிவுகள் உங்களைக் காட்டிக்கொடுக்காது. எங்கே நிறுத்தினீர்கள், எதைத் திரும்பப் பார்த்தீர்கள், எந்த நேரத்தில் விழித்திருந்தீர்கள் என்று ஆண்டுக்கணக்கில் சேரும் பதிவு கொஞ்சம் காட்டிக்கொடுக்கும்.

நெட்ஃபிளிக்ஸ் தன் ஊடாட்டப் படங்களில் பெரும்பாலானவற்றை 2024 இறுதியில் நீக்கியது. 2025 மே மாதத்தில் பேண்டர்ஸ்நாட்சும் போய்விட்டது. அதனால் இந்தக் கலை செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கதை விளையாட்டுகளில் அது செழிப்பாகவே இருக்கிறது. முடிவெடுக்க விரும்புகிறவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். மற்றவர்களுக்குக் கதை சொல்ல ஆள் வேண்டும். இரண்டு கூட்டமும் ஒன்றல்ல என்பதை ஏற்றுக்கொண்டு எழுதுகிறவரே இதில் தேறுவார்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். ‘பத்தே கேள்வியில் உங்கள் குணத்தைச் சொல்கிறோம்’ என்று எந்தச் செயலி அழைத்தாலும், அதன் விடையைப் பொருட்படுத்தாதீர்கள். விடையைவிட, அது உங்களைப் பற்றி என்ன சேமித்து வைக்கிறது என்பதுதான் முக்கியம். 2023-இல் நிறைவேறிய இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் தரவைப் பற்றிக் கேட்டறியும் உரிமையைச் சொல்கிறது. வீல் செய்தது போல நாமும் கேட்டுப் பழக வேண்டும்.